வெளிநோயாளர் கிளினிக்கை இணையவழி நடத்துவது எப்படி: திருகோணமலை மாவட்டத்துக்கான ஒரு வழிகாட்டல்

வெருகலிலிருந்து திருகோணமலை நகரத்துக்குக் கிளினிக் வரும் பிறெசர் நோயாளி ஒருவர் விடியுமுன் வீட்டை விட்டுப் புறப்பட்டு, முதல் பஸ்ஸைப் பிடித்து, இலக்கம் எடுத்து, வாங்கிலே காத்திருந்து, வைத்தியரின் முன்னால் இரண்டு மூன்று நிமிடங்கள் அமர்ந்து, சென்ற மாதம் எழுதப்பட்ட அதே குளிசைகளை மீண்டும் எழுதுவித்துக்கொண்டு, மருந்து கொடுக்கும் யன்னலின் முன்னும் வரிசையில் நின்று, பின்னேரம் களைத்துப்போய் வீடு திரும்புகிறார். துணைக்கு வரும் மகனின் அன்றைய கூலியும் அத்துடன் போய்விடுகிறது. 2009 ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபின் பாதை எனும் படகுச் சேவைக்காகக் கரையில் காத்துநிற்கும் தேவை இல்லாமற்போனது. கிளினிக் வாங்கு மட்டும் அப்படியே நிரம்பியிருக்கிறது.

இப்பயணங்களில் ஒரு பகுதியையேனும் குறைக்க விரும்பும் பிரதேச வைத்தியசாலைகளையும் தனியார் கிளினிக்குகளையும் மனத்திற்கொண்டு இதை எழுதுகிறேன். எந்தச் செயலியை வாங்குவது என்ற கேள்வியோடுதான் பலரும் தொடங்குகிறார்கள். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. வைத்தியரும் நோயாளரும் திரையில் பேசும் பத்து நிமிடம் எப்படியும் நடந்துவிடும். அதற்கு முதல் நாள் தாதிய உத்தியோகத்தர் செய்ய வேண்டிய வேலையும், அதன் பின்னர் மருந்தாளர் செய்ய வேண்டிய வேலையும் ஒழுங்காக அமையாவிட்டால், அந்தப் பத்து நிமிடம் சுகநலம் விசாரிக்கும் ஓர் அழைப்பாகவே முடியும்.

யாரைச் சேர்ப்பது, யாரைச் சேர்க்கக் கூடாது

இணையவழி வைத்தியசாலைகளைப் பெரிய அளவில் நடத்தும் நாடு சீனா. குவாங்டொங் மாகாணத்தில் 2014 ஆம் ஆண்டிலும், வூஜென் நகரில் 2015 ஆம் ஆண்டின் இறுதியிலும் அவை தொடங்கப்பட்டன. 2018 இல் அந்நாடு வெளியிட்ட விதிகள், ஒரு நோய்க்கான முதலாவது நோயறிதலை இணையவழி செய்யலாகாது என்றும், ஏற்கெனவே நோயறியப்பட்ட பொதுவான நோய்களுக்கும் நாட்பட்ட நோய்களுக்குமான தொடர் சிகிச்சையை மட்டுமே அவ்வாறு வழங்கலாம் என்றும் எல்லை வகுத்தன. இந்தியா 2020 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டல் இதைவிடத் தளர்வானது. முதற்சந்திப்பையும் அனுமதித்து, எந்த வகைச் சந்திப்பில் எந்த மருந்தை எழுதலாம் என்று பட்டியலிட்டு, போதையூட்டும் மருந்துகளை முற்றாகத் தடுத்தது. தொடங்கும்போது சீனாவின் இறுக்கமே நமக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. காரணம் மிக எளியது: நோயறியப்பட்டவரின் கிளினிக் கோப்பு நம்மிடம் இருக்கிறது; புதியவரைப்பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாது.

ஆகவே முதல் மூன்று மாதங்களுக்கு, குறைந்தது ஓராண்டாக ஒரே கிளினிக்குக்கு வருபவர்களும் அண்மையில் மருந்தளவு மாறாதவர்களுமான உயர் குருதி அழுத்த, நீரிழிவு, தைரொயிட் நோயாளரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்து விளக்கம் சொல்வதையும், சத்திரசிகிச்சைக் காயம் ஆறுவதைப் படத்தில் பார்ப்பதையும் பின்னர் சேர்க்கலாம். இவர்களும் எப்போதும் தொலைபேசியிலேயே இருந்துவிடக் கூடாது. நீரிழிவு நோயாளரின் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்பதைத் தொட்டுத்தான் அறிய முடியும். விழித்திரையை ஆண்டுக்கு ஒரு முறையேனும் கண் பிரிவில் பார்க்க வேண்டும். இன்சுலின் ஏற்றும் இடம் தடித்திருந்தால் அதைக் கைதான் கண்டுபிடிக்கும். இரண்டு சந்திப்புகள் இணையவழியென்றால் மூன்றாவது நேரில் என்று தொடக்கத்திலேயே நோயாளரின் கையிலிருக்கும் கிளினிக் கொப்பியில் திகதி குறித்துக் கொடுத்துவிடுவது நல்லது.

காய்ச்சலைச் சேர்க்கவே வேண்டாம். 2017 ஆம் ஆண்டு நாடெங்கும் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவானபோது, ஆண்டின் தொடக்க மாதங்களில் கிண்ணியா பட்ட பாட்டை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் தணியும்போதே தொடங்குவதால், "இப்ப காய்ச்சல் இல்லை, சுகம்" என்று தொலைபேசியில் கேட்கும் வசனம் நம்மை ஏமாற்றிவிடக் கூடும். காய்ச்சலென்று அழைப்பவருக்குச் சொல்ல வேண்டியவை மூன்றே: பரசிற்றமோல் தவிர வேறு வலிநிவாரணி எடுக்க வேண்டாம், நீராகாரம் குடிக்க வேண்டும், மூன்றாம் நாளுக்குள் முழுக் குருதிக்கல எண்ணிக்கைப் பரிசோதனைக்கு நேரில் வர வேண்டும். வயிற்றுவலி, விடாத வாந்தி, இரத்தக் கசிவு, சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றில் ஒன்றைக் கேட்டாலும் அழைப்பை நீட்டாமல் உடனே வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், திடீரெனக் கை கால் இயங்காமற்போதல், பாம்புக்கடி போன்றவற்றுக்கு 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழைக்குமாறு சொல்ல வேண்டும். தொலைபேசியை எடுப்பவர் எழுதுவினைஞராக இருந்தாலும், இந்த வரிகள் அச்சிடப்பட்டு அவருடைய மேசைக்கு மேலே ஒட்டப்பட்டிருக்க வேண்டும். கர்ப்பிணித் தாய்மாரை அவர்களுடைய குடும்ப நல உத்தியோகத்தரிடமும் கிளினிக்கிடமுமே விட்டுவிடுங்கள்.

முதல் நாள் அழைப்பு

இணையவழிக் கிளினிக்கின் உயிர்நாடி இதுதான். சந்திப்புக்கு முதல் நாள் தாதிய உத்தியோகத்தர் ஒருவர் ஒவ்வொரு நோயாளருக்கும் சாதாரணத் தொலைபேசி அழைப்பொன்றை எடுத்து ஐந்து தொடக்கம் ஏழு நிமிடம் பேச வேண்டும். முதலில் அறிய வேண்டியது அந்தத் தொலைபேசி யாருடையது என்பது. வயதானவர்களின் கொப்பியில் எழுதப்பட்டிருக்கும் இலக்கம் பெரும்பாலும் மகனுடையதாகவோ பேத்தியுடையதாகவோ இருக்கும். அவர் கடலுக்குப் போயிருந்தால் அல்லது வகுப்பில் இருந்தால் மறுநாள் அழைப்பு யாரிடமும் போய்ச் சேராது. ஆகவே தொலைபேசி வீட்டில் இருக்கும் நேரத்தைக் கேட்டு, அந்த நேரத்துக்கே சந்திப்பை வையுங்கள்.

அடுத்தது கொப்பியின் படம். கடைசி இரண்டு பக்கங்களையும் மேசையில் விரித்துவைத்து, யன்னல் வெளிச்சத்தில், மின்னொளி இல்லாமல், விரல் மறைக்காதபடி எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் வருவது பெரும்பாலும் கட்டைவிரல் மருந்தளவின் மேல் அழுத்தியிருக்கும் படம்தான்.

பிறகு வீட்டிலிருக்கும் எல்லா மருந்துகளையும் வெளியே எடுக்கச் செய்ய வேண்டும். இதன் பெறுமதியை நான் ஒரே நாளில் கற்றுக்கொண்டேன். மூதூர்ப் பக்கத்து வயோதிபத் தாய் ஒருவர், நாங்கள் கேட்டதற்கிணங்க, பிஸ்கற் ரின் ஒன்றைப் பாயில் கவிழ்த்துக் காட்டினார்; பேத்தி தொலைபேசியை மேலிருந்து பிடித்திருந்தாள். வைத்தியசாலைக் கடதாசிப் பைகள், பாதி தீர்ந்த வலித்தைலம், இறந்துபோன கணவரின் ஆஸ்த்மா பம்ப், காலாவதியான இருமல் பாணி ஆகியவற்றின் நடுவே இரண்டு குளிசை அட்டைகள் கிடந்தன. ஒன்று கிளினிக்கில் கொடுத்த பிறெசர் குளிசையான லொசாட்டன் 50 மில்லிகிராம். மற்றையது தனியார் பாமசியில் வாங்கியது, பெயர் வேறு, நிறம் வேறு, உள்ளே இருந்தது அதே லொசாட்டன். இரண்டையும் காலையில் ஒன்றாகவே விழுங்கிவந்திருக்கிறார். "எழும்பினா தலை சுத்துது மகள், வயசு போனா அப்பிடித்தானே" என்றார். பல மாதங்களாக அவர் நேரில் வந்து காட்டிய கொப்பியில் இது இருக்கவில்லை, ஏனெனில் கொப்பியைத்தான் அவர் கொண்டுவந்தார், ரின்னைக் கொண்டுவரவில்லை. நேரில் பார்ப்பதைவிட இணையவழி சிறந்தது என்று சொல்லக்கூடிய மிகச் சில இடங்களில் இது ஒன்று: நோயாளரின் வீட்டுக்குள் நாம் போகிறோம்.

கடைசியாக அளவீடுகள். வீட்டில் குருதி அழுத்தமானி இருப்பவர்களுக்கு அதைப் பயன்படுத்தும் முறையை ஒரு தடவையாவது நேரில் காட்டியிருக்க வேண்டும். தேநீர் குடித்து அரை மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்தபடி, பாதங்கள் தரையில் பதிய, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் பேசாது இருக்க வேண்டும். சட்டைக் கையின் மேல் சுற்றாமல் வெறும் புயத்தில், இதயத்தின் மட்டத்தில் பட்டியைச் சுற்றி, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளந்து இரண்டையும் எழுத வேண்டும். காலையும் மாலையும் இவ்வாறு ஏழு நாட்கள் அளந்து, முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியை எடுப்பது வழக்கம். வீட்டில் எடுக்கும் சராசரி 135/85 ஐத் தாண்டினாலே கூடுதல் என்று கொள்ளப்படுகிறது. கிளினிக்கில் நாம் பார்க்கும் 140/90 என்ற எல்லையை வீட்டு அளவீட்டுக்கு வைத்துப் பார்க்கக் கூடாது. மானி இல்லாத வீட்டுக்காரர் பக்கத்துப் பாமசியிலோ, அருகிலுள்ள ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையத்திலோ அளந்து துண்டில் எழுதுவித்துக்கொள்ளலாம். அளவீடே இல்லாமல் வருபவரின் சந்திப்பை ஒத்திவையுங்கள். எண் இல்லாமல் பிறெசர் மருந்தைத் தொடர்வது கண்ணைக் கட்டிக்கொண்டு எழுதுவதற்குச் சமம்.

அழைப்பின்போது

வைத்தியர் தம் பெயரையும் தாம் எங்கிருந்து பேசுகிறார் என்பதையும் முதலில் சொல்ல வேண்டும். இலங்கை மருத்துவ சபையில் பதிவுபெற்றவரே மறுமுனையில் இருக்கிறார் என்பதை அறியும் உரிமை நோயாளருக்கு உண்டு. அதன்பின் நோயாளரின் முழுப்பெயரையும், தேசிய அடையாள அட்டை இலக்கத்தையோ பிறந்த திகதியையோ அவர் வாயாலேயே சொல்லுவிக்க வேண்டும். ஒரே ஊரில் ஒரே பெயரில் நால்வர் இருப்பது நமக்குப் புதிதல்ல. இவ்வழியில் பேசுவதற்குச் சம்மதமா என்று கேட்டு, பதிலைக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த கேள்வி, "அறையில் உங்களோடு யார் இருக்கிறார்கள்?" என்பது. மருமகள் தொலைபேசியைப் பிடித்திருக்க மாமியார் தம் சிறுநீர்க் கோளாறைச் சொல்லமாட்டார். தகப்பன் பக்கத்தில் இருக்க இளம்பெண் தன் மனச்சோர்வைச் சொல்லமாட்டாள். கிண்ணியாவிலும் மூதூரிலும் பல பெண்கள் பெண் வைத்தியரையே விரும்புவார்கள், அல்லது கமராவை மூடிவிட்டுப் பேச விரும்புவார்கள். இரண்டுக்கும் இடமளிப்பதால் சிகிச்சையின் தரம் குறைந்துவிடாது. மனநலம் தொடர்பாக உடனடி உதவி தேவைப்படுபவருக்கு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தைக் கொடுங்கள். ஆனால் இலக்கத்தைக் கொடுத்தவுடன் அழைப்பைத் துண்டிக்காதீர்கள்.

வைத்தியருக்குத் தமிழ் போதாதபோது, தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவர் அதே அழைப்பில் மூன்றாவது ஆளாக இருக்க வேண்டும். நேரில் இருக்கும்போது கை காட்டி, முகம் பார்த்துச் சமாளித்துவிடலாம். தொலைபேசியில் அது நடக்காது. நம்மூரில் "விறைப்பு" என்றால் உணர்ச்சியற்ற நிலையாகவும் இருக்கலாம், இறுக்கமாகவும் இருக்கலாம். "அந்தரமாக் கிடக்கு" என்பது நெஞ்சுப் படபடப்பிலிருந்து மனப்பதற்றம் வரை எதுவாகவும் இருக்கலாம். இவற்றை ஒரே சொல்லில் மொழிபெயர்த்துக் கொடுத்தால் வைத்தியர் தவறான திசையில் போவார். மொழிபெயர்ப்பவர் பதிலைச் சுருக்காமல், நோயாளர் சொன்னபடியே முழுவதையும் சொல்லப் பழக வேண்டும். வீட்டுப் பிள்ளைகளை இதற்குப் பயன்படுத்துவதைத் தவிர்ப்பது நல்லது.

காணொளி எல்லோருக்கும் அவசியம் என்று நினைக்க வேண்டாம். கரையோரக் கிராமங்களில் படம் உறைந்து குரலும் அறுந்து போகும்போது, இரு தரப்பும் "கேக்குதா, கேக்குதா" என்று கத்திக்கொண்டிருப்பதிலேயே நேரம் முழுவதும் கழிந்துவிடும். அளவீடுகளும் கொப்பியின் படமும் முதல் நாளே வந்துவிட்டால், சாதாரணக் குரல் அழைப்பிலேயே பெரும்பாலான தொடர்சிகிச்சையை முடிக்கலாம். காயம், கால் வீக்கம், தோல் மாற்றம் ஆகியவற்றுக்கு அசையாப் படமே காணொளியைவிடத் தெளிவானது: தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்திலிருந்து ஒன்று, அளவு தெரியப் பக்கத்தில் ஒரு நாணயக்குற்றி.

அழைப்பை முடிக்குமுன், மருந்தை எப்படி எடுப்பீர்கள் என்று நோயாளரையே திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும். "விளங்கினதா?" என்று கேட்டால் எல்லோரும் "ஓம்" என்றுதான் சொல்வார்கள்.

குளிசை வீடு போய்ச் சேரும் வரை

பேசி முடிந்ததும் வேலை முடிந்துவிட்டதாக எண்ணும் கிளினிக்குகளில் இரண்டாம் மாதமே நோயாளர் மீண்டும் பஸ் ஏறிவிடுகிறார்கள், ஏனெனில் மருந்து எடுக்க எப்படியும் வரத்தான் வேண்டியிருக்கிறது. மருந்து நோயாளரின் ஊருக்குப் போகாவிட்டால் பயணத்தில் எதுவும் மிஞ்சுவதில்லை. 2020 இல் ஊரடங்கு நடைமுறையிலிருந்தபோது கிளினிக் மருந்துகளைத் தபால் திணைக்களத்தின் ஊடாக வீடுகளுக்கு அனுப்பியது நினைவிருக்கும். முகவரியும் தொலைபேசி இலக்கமும் சரியாக இருந்தால் அது இயலக்கூடிய காரியம் என்பதற்கு அதுவே சான்று. அதைவிட எளியது, நோயாளருக்குக் கிட்டிய சிறிய வைத்தியசாலையின் மருந்தாளருடன் முன்கூட்டியே உடன்பாடு செய்துகொண்டு, எழுதிய மருந்துச் சிட்டையை அங்கே அனுப்பி, அங்கேயே கொடுக்கச் செய்வது. ஈச்சிலம்பற்றில் இருப்பவர் ஈச்சிலம்பற்றிலேயே மருந்து எடுத்தால்தான் இந்த ஏற்பாட்டுக்கு அர்த்தம் உண்டு. இதற்கு இரண்டு நிறுவனங்களின் கையிருப்புப் பட்டியலும் ஒத்துப்போக வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவையாவது இரு மருந்தாளர்களும் பேசிக்கொள்ள வேண்டும்.

இன்சுலினைத் தபாலில் போடக் கூடாது. திறக்காத குப்பி 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையான குளிரில் இருக்க வேண்டியது; ஏப்ரல் வெயிலில் தபால் பை எந்தச் சூட்டை அடையும் என்பதை விளக்கத் தேவையில்லை. ஐஸ் கட்டி வைத்த பெட்டியுடன் குடும்பத்தில் ஒருவர் வந்து பெற்றுச் செல்லட்டும். ஐஸ் நேரே குப்பியில் படாமல் துணியால் சுற்றச் சொல்லுங்கள், உறைந்த இன்சுலின் பயன்படாது.

மருந்துப் பையின் மேல் ஆங்கிலச் சுருக்கெழுத்தில் எழுதுவது நம் வைத்தியசாலைகளின் பழக்கம். இணையவழி நோயாளருக்கு அது போதாது, ஏனெனில் யன்னலுக்குள்ளிருந்து வாயால் சொல்லிக் கொடுப்பவர் இப்போது இல்லை. பையில் தமிழில் எழுதி, காலைக்குச் சூரியனும் இரவுக்குப் பிறையும் வரைந்து, அதற்கு மேலாக மருந்தாளர் தம் குரலில் ஒரு நிமிடக் குரற்செய்தி ஒன்றையும் அனுப்பலாம்: "அம்மா, வெள்ளை வட்டக் குளிசை காலை சாப்பிட்ட பிறகு ஒன்று, இரவு சாப்பிட்ட பிறகு ஒன்று, சின்ன மஞ்சள் குளிசை இரவில் மட்டும்." எழுத்து வாசிக்காத தாய்மார் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பதைக் கண்டிருக்கிறேன். நான் பார்த்தவற்றுள் மிக மலிவானதும் அதிகம் பயன்பட்டதுமான தொழில்நுட்பம் இதுதான்.

பதிவும் அந்தரங்கமும்

அழைப்பில் பேசியதைச் செயலியில் மட்டும் வைத்திருக்காமல், கிளினிக்கின் நோயாளர் கோப்பிலும் அன்றே பதியுங்கள். நோயாளரின் கையிலிருக்கும் கொப்பியில் எழுத முடியாததால், சிறு துண்டொன்றை மருந்துப் பொதியோடு அனுப்பி ஒட்டச் சொல்லலாம். நள்ளிரவில் அவரை மூதூர்த் தள வைத்தியசாலைக்குக் கொண்டுபோனால் அங்கிருக்கும் வைத்தியருக்குக் கிடைப்பது அந்தக் கொப்பி மட்டுமே.

வாட்ஸ்அப் வசதியானது, ஆயினும் நோயாளரின் படம் தாதியின் சொந்தக் கைத்தொலைபேசிக்கு வந்தால், அவருடைய பிள்ளையின் பிறந்தநாள் படங்களோடு அதுவும் ஒரே தொகுப்பில் சேர்ந்துவிடும். கிளினிக்குக்கென்றே ஒரு தொலைபேசியும் ஓர் இலக்கமும் வைத்து, படங்கள் தானாகச் சேமிக்கப்படும் வசதியை நிறுத்தி, கோப்பில் ஏற்றியபின் அழித்துவிடுங்கள். குழுக்களில் நோயாளரின் படத்தைப் போட்டு ஆலோசனை கேட்கும் பழக்கத்தை அடியோடு நிறுத்த வேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவை விசேட வகைத் தரவாகக் கொள்கிறது. அழைப்பை ஒலிப்பதிவோ ஒளிப்பதிவோ செய்ய வேண்டாம்.

நாளும் பருவமும் பார்த்தல்

தொடக்கத்தில் மணிக்கு ஐந்து பேருக்கு மேல் வைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை நண்பகலை விட்டுவிடுங்கள். மீனவக் குடும்பங்களுக்கு, வள்ளம் கரைசேர்ந்து மீன் விற்று முடிந்த பின்னுள்ள நேரம் பொருந்தும். தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் அறுவடை நாட்களில் பின்னேரமே பேச ஆள் கிடைக்கும். நீரிழிவுள்ள முஸ்லிம் நோயாளரை ரமழானுக்கு ஆறு தொடக்கம் எட்டு வாரங்களுக்கு முன்பே அழைத்து, நோன்பு பிடிப்பது அவருக்குப் பாதுகாப்பானதா, எந்தக் குளிசையை நோன்பு துறக்கும் இப்தாருக்கும் எதை விடியுமுன் உண்ணும் ஸஹருக்கும் மாற்றுவது, குருதிச் சீனி 70 mg/dL இற்குக் கீழே இறங்கினால் உடனே நோன்பைத் துறக்க வேண்டும் என்பவற்றைப் பேசிவிட வேண்டும். ரமழான் தொடங்கிய பின் அழைப்பதால் அதிகம் செய்ய முடியாது.

வாடைக் காற்று தொடங்கி மாவலி பெருகும் மாதங்களில் வெருகல், மூதூர், கிண்ணியாப் பக்கங்களில் வீதி மூழ்குவதும் மின்சாரம் போவதும் வழமை. தொலைபேசிக் கோபுரமும் மின்சாரத்தை நம்பியே நிற்பதால், இணையவழிக் கிளினிக் மிகவும் தேவைப்படும் அந்த வாரத்திலேயே அதுவும் படுத்துவிடக் கூடும். ஒக்ரோபர் மாதச் சந்திப்புகளில் வழமையைவிடக் கூடுதலாக ஒரு மாத மருந்தை எழுதிக் கொடுத்து, நோயாளர் பட்டியலைக் கடதாசியில் அச்சிட்டு, கிராமம் கிராமமாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் முடிந்ததும் ஒரு பின்னேரம் குந்தியிருந்து பட்டியலைப் பாருங்கள். எத்தனை பேர் மகிழ்ச்சி தெரிவித்தார்கள் என்பதை விட்டுவிட்டு, எத்தனை அழைப்புகள் எடுக்கப்படவில்லை, எத்தனை பேருக்கு மருந்து பிந்தியது, எத்தனை பேரை அவசரமாக நேரில் கூப்பிட வேண்டிவந்தது என்று எண்ணுங்கள். அழைப்பை எடுக்காதவர்களின் பெயர்களைத் தனியே எழுதினால், தொலைபேசியே இல்லாதவர்களும், தனியே வாழும் முதியவர்களும், ரீலோட் போட வழியில்லாதவர்களும் அதில் இருப்பார்கள். அவர்களைப் பழையபடி வாங்கிலேயே வரவேற்று, வரிசை குறைந்திருக்கும் நாளொன்றை அவர்களுக்கென்று ஒதுக்குங்கள்.